பிழையான பாதி

நான் கண்டுபிடித்ததாக ஊரே நம்பிக்கொண்டிருந்த ஒன்று உண்மையில் இல்லவே இல்லை என்று உறுதியானபோது எனக்கு வந்த நிம்மதியைப் போல ஒரு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை.

அப்போது மாரி மழைக்கு விதைத்த காலபோக நெல் முற்றி வெட்டுக்கு நின்றது. நான் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மூன்று கிழமை லீவில் எங்கள் ஊரான கண்டாவளைக்கு வந்தவள், திரும்பிப் போவதற்கான விசாப் பத்திரம் ஏதோ ஒரு மேசையில் தங்கிவிட்டதால் இரண்டு மாதமாக வீட்டிலேயே இருந்தேன். வேலை நிற்கவில்லை. என் வேலைக்கு ஒரு லப்டொப்பும் இணையமும் போதும். கணிப்பொறிகள் அங்கே ஓடும், வரைபுகள் மட்டும் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்து சேரும்.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பட்ட பாடு விளங்காது. ஒரு காலத்தில் நிலத்துக்கு அடியில் மிகப் பெரிய வளையம் ஒன்றை அமைத்து, இலத்திரனையும் அதன் எதிர்த்துணிக்கையான பொசித்திரனையும் எதிரெதிராக ஓடவிட்டு மோதவைத்தார்கள். மோதலில் அவை இரண்டும் அழிந்துபோக, அந்தச் சக்தியிலிருந்து ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் பிறந்து எதிரெதிர்த் திசைகளில் பறக்கும். தனிக் குவார்க்கை ஒருவரும் பார்த்ததில்லை. பிறந்த கையோடு ஒவ்வொன்றும் ஒரு கூட்டம் துணிக்கைகளாக மாறி ஒரே திசையில் பாயும். அந்தக் கூட்டத்துக்குத் தாரை என்று பெயர். குவார்க்குகளிலே பாரமானவையும் உண்டு, பாரம் குறைந்தவையும் உண்டு. பாரமான குவார்க்கின் தாரையில் எத்தனை துணிக்கை, பாரம் குறைந்ததன் தாரையில் எத்தனை, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எண்ணுவதுதான் என் வேலை. அந்த வளையத்தைக் கழற்றி எடுத்துப் பல காலமாகிவிட்டது. ஆனால் அன்று பதிந்த தரவுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். புதிய கேள்வியோடு போகிறவர்களுக்கு அவை இன்னும் பதில் சொல்லும்.

பாரமான குவார்க்கில்தான் துணிக்கைகள் கூடுதலாக வரும். அது தெரிந்த விஷயம். ஆனால் மோதல் சக்தியைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த வித்தியாசம் மாறக்கூடாது என்கிறது கோட்பாடு. என் வரைபிலோ அது மாறியது. குறைந்த சக்தியில் எதிர்பார்த்தபடி இருந்த வித்தியாசம், கூடிய சக்தியில் துலக்கமாக ஏறியிருந்தது.

என் பேராசிரியை அந்த வரைபைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, இது உண்மையாக இருந்தால் பெரிய விஷயம், இல்லையென்றால் பிழை எங்கே என்று கண்டுபிடி, என்றார். ஒரு மாதம் தேடினேன். பிழை அகப்படவில்லை. கட்டுரையின் முதல் வரைவை எழுதி, எங்களோடு வேலை செய்யும் பத்துப் பதினைந்து பேருக்கு அனுப்பினோம். அடுத்த மாதம் ஒரு மாநாட்டில் பேராசிரியை அதைப் பற்றிப் பேசுவதாகவும் ஏற்பாடாகியது.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் இதை வீட்டில் சொன்னதுதான். அப்பா நெல் விதைக்கும் கமக்காரர், அளவோடு பேசுபவர். ஆனால் அந்த வாரம் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் தண்ணீர் திறப்பதைப் பற்றிய கதை முடிந்ததும் எழும்பி, "என்ரை கடைசி மகள் உலகத்திலை ஒருத்தருக்கும் தெரியாத ஒண்டைக் கண்டுபிடிச்சிருக்கிறாள்" என்று சொல்லியிருக்கிறார். என்னத்தைக் கண்டுபிடித்தாள் என்று யாரோ கேட்டதற்கு, "அது இனித்தான் புத்தகத்திலை வரும்" என்று பதில் சொன்னாராம். இரண்டு நாளில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் அதிபர் வீட்டுக்கே வந்துவிட்டார். உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வந்து பேச வேண்டும் என்றார். அப்பா என் முகத்தைப் பார்க்காமலே "ஓம், வருவாள்" என்றார்.

அதற்கு அடுத்த நாள் காலைதான் அந்த மெயில் வந்தது. வரைவை வாசித்த ஒருவர், வழமையான ஒரு சரிபார்ப்பைக் கேட்டிருந்தார். பாரமான குவார்க் என்று தாரைகளைத் தெரிவுசெய்வதற்கு நீ வைத்திருக்கும் நிபந்தனையை இன்னும் இறுக்கினால் விடை மாறுகிறதா, என்று. மாறாது என்ற நம்பிக்கையோடு ஓடவிட்டேன். குறைந்த சக்தித் தரவில் மாறவில்லை. கூடிய சக்தித் தரவில் நிபந்தனையை இறுக்க இறுக்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

லப்டொப்பை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். இயற்கை தருகிற விடை, நான் எவ்வளவு கண்டிப்பாகத் தெரிவுசெய்கிறேன் என்பதைப் பொறுத்து இப்படி ஏறாது. எங்கோ நான்தான் அதை ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. மெயில் எழுதியவருக்கு, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி போட்டேன். பேராசிரியைக்கு அதுவும் இல்லை. மூன்று நாள் என் கணினி நிரலை வரிவரியாக வாசித்தேன். வாசிக்க வாசிக்க எல்லாம் சரியாகவே தெரிந்தது. நான் எழுதியதை நானே வாசித்தால் வேறு எப்படித் தெரியும்?

"ஏன் பிள்ளை, இடியப்பத்தை அளைஞ்சுகொண்டிருக்கிறாய்? சொதி உறைப்போ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை அம்மா, பசிக்கேல்லை."

நான் போனை எடுக்கும்போதெல்லாம் அப்பா பேப்பருக்கு மேலால் பார்ப்பதைக் கவனித்தேன். அவர்கள் இருவரும் குசினிக்குள் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். நான் போனதும் கதை நின்றுவிடும்.

புதன்கிழமை காலை அக்கா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அக்கா என்னிலும் ஆறு வயது மூத்தவள். இரண்டு ஒழுங்கை தள்ளித் தன் குடும்பத்தோடு இருக்கிறாள். புள்ளிவிபரப் பகுதியில் அவளுக்கு உத்தியோகம். வெட்டுக் காலத்தில் வயல் வயலாகப் போய், ஒரு சிறு துண்டை அளந்து வெட்டி, அதன் நெல்லை நிறுத்து, முழுப் பகுதியின் விளைச்சலையும் மதிப்பிடுவது அவளுடைய வேலையின் ஒரு பங்கு.

"வெளிக்கிடு. அளவு நாடாப் பிடிக்க வாற ஆளுக்குக் காய்ச்சல். நீ வா."

"எனக்கு வேலை கிடக்கக்கா."

"முகட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறது ஒரு வேலையோ? ஏறு."

ஏறினேன். வாய்க்கால் கரையால் போனோம். வெட்டு மெசின்கள் ஏற்கனவே இறங்கியிருந்தன. காற்றில் வைக்கோல் தூசி. நாங்கள் போன வயலின் சொந்தக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். வரம்பில் எங்களுக்காகக் காத்து நின்றார். அக்காவைக் கண்டதும் முன்னால் நடந்து, வயலின் நடுப்பக்கமாகக் கை காட்டினார்.

"மிஸ், இதிலை வெட்டுங்கோ. கதிரைப் பாருங்கோ, என்ன மாதிரிச் சாஞ்சு கிடக்கு."

"ஐயா, நான் இலக்கம் பாத்துத்தான் வெட்டவேணும்" என்றாள் அக்கா. கையில் இருந்த தாளில் எந்த ஒழுங்கும் இல்லாத எழுமாற்று எண்கள் அச்சடித்திருந்தன. அதில் உள்ளபடி வயலின் ஒரு மூலையிலிருந்து நீளப்பாட்டுக்கு இத்தனை அடி, குறுக்காக இத்தனை அடி என்று நடந்தாள். எண்கள் அவளை வடக்கு மூலைக்கு அருகே கொண்டுபோய் விட்டன. அங்கே தண்ணீர் தேங்கி நின்ற இடம். பயிர் கட்டையாக, கதிர் மெலிந்து நின்றது.

"ஐயோ மிஸ், உந்த மூலையிலை வெட்டினால் என்ரை மானம் போய்விடும். முழு வயலிலையும் உதுதான் பழுதான இடம்."

"உங்கடை வயலிலை உள்ள இடந்தானே ஐயா. நல்ல இடமாப் பாத்து வெட்டிப்போட்டு முழு வயலும் இப்பிடித்தான் எண்டு நான் எழுதினால் அது பொய்யெல்லோ?"

"அப்ப நடுவிலையும் ஒருக்கா வெட்டுங்கோவன்."

"இலக்கம் அங்கை கொண்டுபோனால் வெட்டுவன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். நான் நாடாவின் நுனியைப் பிடித்தேன். நான்கு மூலைக்கும் தடி ஊன்றி, கயிறு கட்டி, உள்ளே நின்றதை அரிந்து, நிலத்தில் படங்கை விரித்து அதன்மேல் போட்டு அடித்து, தூற்றி, சாக்கில் போட்டு நிறுத்தோம். பிறகு அடுத்த எண், அடுத்த துண்டு. அது எண்களின் புண்ணியத்தில் நடுப்பக்கமாகவே விழுந்தது. மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்களுக்குப் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவர வீட்டுக்குப் போனார்.

வரம்போரத்து மருத மரத்தின் கீழ் இருந்தோம். அக்கா குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லு. என்ன நடந்தது?"

அழுகை வந்துவிட்டது. சொன்னேன். ஒரு கண்டுபிடிப்பும் இல்லை, எங்கோ பிழை விட்டிருக்கிறேன், எங்கே என்று தெரியவில்லை, பேராசிரியைக்குச் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் போய் என்னத்தைப் பேசுவது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அக்கா எனக்கு ஆறுதல் சொல்கிற சாதி இல்லை. "நீ எண்ணுற அந்தத் தாரை பாரமான குவார்க்கிலை இருந்து வந்ததெண்டு உனக்கு என்னெண்டு தெரியும்?" என்று கேட்டாள்.

விளங்கப்படுத்தினேன். நாங்கள் எண்ணும் பாரமான குவார்க்கைக் கொண்ட துணிக்கை பிறந்த இடத்திலேயே சிதைவதில்லை. மிகக் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்து, ஒரு சில மில்லிமீற்றர் போன பிறகே சிதையும். அதனால் அதிலிருந்து வரும் துணிக்கைகளின் பாதைகளைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தால், மோதல் நடந்த புள்ளியில் சந்திக்காமல் சற்றுத் தள்ளிச் சந்திக்கும். அப்படித் தள்ளிய ஒரு சந்திப்பு தெரிந்தால் அது பாரமான குவார்க் என்று குறித்துக்கொள்வோம்.

"அப்ப அந்தப் பாதையள் கனக்க இருந்தால் கண்டுபிடிக்கிறது லேசு?"

"ஓம்."

"கொஞ்சமா இருந்தால் தவறிப்போயிடும்?"

"ஓம்."

"அப்ப நீ பிடிக்கிறதெல்லாம் கனக்கத் துணிக்கை உள்ளது தானே? அதுக்குள்ளையே எண்ணினால் கூடத்தானே வரும்?"

"இல்லையக்கா, அதுக்குத்தான் அப்பிடி எண்ணுறேல்லை. இரண்டு தாரை எதிரெதிரா வரும் எல்லோ? நிகழ்வை இரண்டு பாதியாப் பிரிக்கிறது. ஒரு பாதியிலை அடையாளம் கண்டால் எண்ணுறது மற்றப் பாதியிலை. ஒரு பக்கம் பாரமான குவார்க் எண்டால் மற்றப் பக்கமும் அதேதான். நாங்கள் அந்தப் பக்கத்தைப் பாத்துத் தெரிவுசெய்யாதபடியால் அங்கை எண்ணினால் சரியா வரும். இது முதல் வருசத்திலையே படிப்பிக்கிற விசயம்."

"நீ அப்பிடித்தான் எண்ணினனீயோ?"

"ஓம்" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் சந்தேகம் தட்டியது. "இரண்டு நிரலிலையும் எண்டுதான் நினைக்கிறன்."

"இரண்டு நிரலோ?"

இரண்டு நிரல்தான். குறைந்த சக்தித் தரவுக்கு ஒன்று, கூடிய சக்தித் தரவுக்கு ஒன்று. இரண்டின் தரவுகளும் வெவ்வேறு விதமாக அடுக்கப்பட்டிருந்தன. முதலாவதைப் பேராசிரியையோடு சேர்ந்து புதிதாக எழுதினேன். இரண்டாவதை, நான் வேலை பழகிய முதல் வருசத்தில் எழுதிய ஒரு பரீட்சார்த்த நிரலை எடுத்துத் திருத்தி உண்டாக்கினேன். அந்தப் பழைய நிரலில் நான் எந்தப் பாதியில் எண்ணினேன்?

பிளேன்ரீயோடு வந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சிக்கு வெயில் ஒத்துக்கொள்ளேல்லைப் போல" என்றார். அவருக்காக அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அக்கா மிச்ச வேலையைப் பின்னேரத்துக்குத் தள்ளிவிட்டு என்னை வீட்டில் கொண்டுவந்து இறக்கினாள். அவளும் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

தேடிப் பிடிக்கப் பத்து நிமிடமும் ஆகவில்லை. நிரலில் பாதிகளுக்கு இலக்கங்கள் கொடுத்திருந்தேன். எண்ணும் வேலை தொடங்கும் வரியில், அடையாளம் கண்ட பாதியின் இலக்கத்துக்கு எதிர் இலக்கம் இருக்க வேண்டும். அங்கே அடையாளம் கண்ட பாதியின் இலக்கமே இருந்தது. மூன்று நாளாக அந்த வரியைக் கடந்து நூறு தரமாவது போயிருப்பேன். முதல் வருசத்தில், அப்படி எண்ணினால் எவ்வளவு கூட வரும் என்று பார்ப்பதற்காக நானே வேண்டுமென்று எழுதி வைத்த வரி அது.

"உதுவோ?" என்றாள் அக்கா.

"உதுதான்."

"அப்ப மாத்தன்."

மாற்றினேன். ஆனால் மாற்றியது மட்டும் போதாது. முதலில் சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லவேண்டும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ரூட்டரும் நின்றது. வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். வாய்க்கால் கரை மேட்டில் ஏறினால் நன்றாக இருக்கும். மத்தியானம் திரும்பி இரண்டு மணியாகிவிட்டது. பேராசிரியையின் ஊரில் அப்போதுதான் காலை. மேட்டில் நின்று அவருக்கு அழைப்பு எடுத்தேன்.

மூன்று நாள் மறைத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய சிரிப்பு கேட்டது. ஏளனச் சிரிப்பு இல்லை. பெரிய சுமையைக் கீழே போட்டவர் சிரிப்பது போல இருந்தது. தனக்கும் இரண்டு கிழமையாக நிம்மதி இல்லை என்றார். எனக்கே விளங்காத ஒரு விடையை வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கு முன்னால் எப்படி நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், உன் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வராமல் பேசாமல் இருந்தேன், என்றார். பிறகு குரல் மாறியது. மூன்று நாள் மறைத்தாயே, அது மட்டும்தான் எனக்குக் கவலை, இனி அப்படிச் செய்யாதே, பிழையைக் கண்ட அந்த நிமிடமே எனக்குச் சொல்லு, என்றார். சரி என்றேன். வரைவு பத்திரிகைக்குப் போகவில்லை. மாநாட்டுப் பேச்சின் தலைப்பை மாற்ற இன்னும் நாள் இருந்தது. வரைவு போன அத்தனை பேருக்கும் நானே எழுதவேண்டும் என்றார். அதுவும் சரி என்றேன்.

போனை வைத்துவிட்டு மேட்டிலேயே குந்தியிருந்தேன். வாய்க்கால் தண்ணீரில் ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்துகொண்டிருந்தது. மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பசித்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அப்பாவும் விறாந்தையில் கதிரைகளைப் போட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். அம்மாவின் கண் சிவந்திருந்தது. அக்கா தூணோடு நின்றாள். அவர்களுக்குத் தான் ஒன்றும் சொல்லவில்லை என்று கண்ணால் காட்டினாள்.

அப்பா கதிரையை என் பக்கம் திருப்பினார். "பிள்ளை, எங்களுக்கு மறைக்காதை. விசா இல்லையெண்டு சொல்லிப்போட்டினமோ?"

"இல்லையப்பா."

"அப்ப பல்கலைக்கழகத்தாலை நிப்பாட்டிப்போட்டினமோ?" என்றார் அம்மா. "உனக்கு ஏதும் வருத்தமோ? டொக்டரிட்டைக் காட்டினனீயோ? சொல்லு பிள்ளை, நாங்கள் பாப்பம்."

இந்த மூன்று நாளும் குசினிக்குள் குரல் தாழ்த்திக் கதைத்தது இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. நான் ஒரு வரிக்காகக் கலங்கிக்கொண்டிருக்க, இவர்கள் என் உயிருக்கே ஏதோ என்று கலங்கியிருக்கிறார்கள்.

"ஒண்டுமில்லையம்மா. கணக்கிலை ஒரு பிழை விட்டிட்டன். கண்டுபிடிப்பெண்டு சொன்னது கண்டுபிடிப்பில்லை. திரும்பச் செய்யவேணும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உவ்வளவுதானோ?" என்றார் அம்மா.

"உவ்வளவுதான்."

"எடி மூதேசி!" என்று எழும்பி என் முதுகில் ஒரு அடி வைத்தார். அடித்த கையாலேயே தலையைத் தடவினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போடக் குசினிக்குப் போனார். அக்கா சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அப்பா மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப புத்தகத்திலை வராதோ?"

"வராதப்பா. கோட்பாடு சரியெண்டுதான் வரும்."

"நான் கூட்டத்திலை சொல்லிப்போட்டனே."

"ஓமப்பா."

"சரி" என்றார். "வாற கூட்டத்திலை திருத்திச் சொல்லுவம். அதிபருக்கு நான் சொல்லட்டே, நீ வரேல்லையெண்டு?"

ஆமென்று சொல்லத்தான் வாய் உன்னியது. ஆனால் பதினைந்து பேருக்குப் பிழையை ஒப்புக்கொண்டு எழுதவேண்டியவள், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒளிப்பதா? வருகிறேன் என்றேன்.

வியாழன் காலை புது வரைபு வந்தது. விறாந்தையில் இருந்து திரையைக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்தினேன். கூடிய சக்தியில் நின்ற புள்ளிகள் எல்லாம் இறங்கி, குறைந்த சக்திப் புள்ளிகளின் மட்டத்திலேயே வந்து இருந்தன. வழுவின் அளவைக் காட்டும் கோடுகளுக்குள் எல்லாம் ஒரே நேராக நின்றது. நிபந்தனையை இறுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. தளர்த்திப் பார்த்தேன், அசையவில்லை. இன்னொரு முறை பார்த்தேன். பிறகு பாயை விரித்துப் பகல் முழுக்க நித்திரை கொண்டேன். பின்னேரம் எழும்பிப் பதினைந்து மெயிலையும் எழுதினேன். பதில் போட்டவர்களில் ஒருவர்கூடக் கோபிக்கவில்லை. அந்தச் சரிபார்ப்பைக் கேட்டவர் மட்டும் நன்றி என்று இரண்டு தரம் எழுதியிருந்தார். கட்டுரை பிறகு, ஆரவாரம் இல்லாத ஒரு தலைப்போடு, அச்சில் வந்தது. வித்தியாசம் சக்தியோடு மாறவில்லை என்று சொல்லும் அந்தக் கட்டுரையில் எனக்கு இன்றுவரை ஒரு எழுத்திலும் சந்தேகம் இல்லை. விசாவும் அடுத்த மாதம் வந்தது.

வெள்ளிக்கிழமை அப்பாவோடு பள்ளிக்கூடம் போனேன். முப்பது முப்பத்தைந்து பிள்ளைகள். அதிபர் என்னைப் பெரிய கண்டுபிடிப்பாளராக அறிமுகப்படுத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். நான் எழும்பி, "அதிபர் சொன்ன கண்டுபிடிப்புப் பிழை. புதன்கிழமைதான் கண்டுபிடிச்சன்" என்றேன். வகுப்பு சிரித்தது. அதிபர் திகைத்துப்போய் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையாட்டி அதை உறுதிப்படுத்தினார்.

தாரைகளைக் கரும்பலகையில் கீறினேன். எந்தப் பாதியில் எண்ண வேண்டும், நான் எந்தப் பாதியில் எண்ணினேன், அதனால் என்ன வந்தது என்று சொன்னேன். அவர்களுக்குச் செய்முறைப் பரீட்சை கிட்ட வந்துகொண்டிருந்தது. பிழையின் கதையை அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள்.

பின் வரிசை வாங்கில் இருந்து ஒரு மாணவன், "மிஸ், உங்களை அவை ஏசேல்லையோ?" என்று கேட்டான்.

"மறைச்சதுக்கு ஏசினவை. பிழை விட்டதுக்கு ஏசேல்லை."

மணி அடித்தது. பஸ் எடுக்கவேண்டிய பிள்ளைகள் புத்தகப்பைகளோடு எழும்பினார்கள். முன் வரிசை வாங்கில் ஒரு மாணவி மட்டும் கொப்பியைத் திறந்து வைத்தபடி கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு வேறு மூன்று பேரும் நின்றார்கள்.

"மிஸ், பாரமான குவார்க்கிலை ஏன் துணிக்கை கூட வருது?"

மூன்று நாளாக நான் மறந்தே போயிருந்த கேள்வி. அதற்காகத்தான் நான் இந்தப் படிப்புக்கே போனது. சோக்கட்டியை மறுபடி எடுத்தேன். குவார்க் பறக்கும்போது, குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவோன்களை உதிர்க்கும், அவையே நாங்கள் எண்ணும் துணிக்கைகளாக மாறும் என்றேன். பாரம் குறைந்தது தன் பாதைக்கு மிகக் கிட்டவும் தாராளமாக உதிர்க்கும். பாரமானதால் அப்படி முடியாது. அதன் பாரம், அதாவது திணிவு, விடாது. ஆகவே வழியில் அது உதிர்ப்பது குறைவு.

"அப்ப குறையத்தானே வரவேணும்?" என்றாள் அவள்.

"வழியிலை குறைவுதான். ஆனால் கடைசியிலை சிதையுது எல்லோ? திணிவு கூடினது சிதையேக்கை அதுக்குள்ளை இருந்து கனக்கத் துணிக்கை வரும். குறைஞ்சதை ஈடுசெய்து மேலையும் வரும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வழியிலை குறையிறதும் திணிவாலை. சிதையேக்கை கூடுறதும் திணிவாலை. அப்ப மோதுற சக்தியைக் கூட்டினாலும் வித்தியாசம் மாறாது."

"ஓம்" என்றேன். அதைக் கோட்பாடாக எழுதியவர்கள் எத்தனை பக்கம் எழுதினார்கள் என்று நினைத்தேன்.

"அப்ப அது முதலே தெரியும்தானே மிஸ். பிறகேன் எண்ணினனீங்கள்?"

"தெரியுமெண்டு நினைச்சுக்கொண்டிருந்தம்" என்றேன். "இப்ப எண்ணியும் பாத்தாச்சு."

அவள் அந்தப் பதிலில் முழுத் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை. வெளியே பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. "சரி மிஸ், வாறன்" என்று கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மற்ற மூவரோடும் ஓடினாள். நான் கையில் படிந்த சோக்குத் தூளைத் தட்டிவிட்டு, கரும்பலகையை அழிக்கத் தொடங்கினேன்.